பேஸ் கிட்டாருக்கு சிந்த் பெடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் லைட் மியூசிக் மேடைகளிலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவிலும் பேஸ் வாசிக்கிறவன் நான். சமீபத்தில் பாஸ் (Boss) கம்பெனியின் எஸ்ஒய்-1 என்ற சின்ன சிந்தசைசர் பெடலை, அதாவது காலால் மிதித்து இயக்கும் சிந்த் பெட்டியை, வாங்கிக் காலடியில் போட்டேன். அதிலிருந்து, நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து "அண்ணா, அது என்ன டப்பா, உங்க கிட்டார் கீபோர்டு மாதிரி கத்துது?" என்று கேட்கும் தம்பிகள் கூடிப்போய்விட்டார்கள். வயரைச் சுருட்டிக்கொண்டே பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன். இந்த ஒரு மாடலுக்காக மட்டும் எழுதியது இல்லை, பேஸில் எந்த சிந்த் பெடலை மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இந்தப் பெடல் உண்மையில் என்ன செய்கிறது?

டிஸ்டார்ஷன், கோரஸ் போன்றவை உங்கள் கிட்டாரின் சத்தத்தையே எடுத்து அதன் முகத்தை மாற்றுகின்றன. சிந்த் பெடல் ஒருபடி மேலே போகிறது. நீங்கள் என்ன சுருதியில், எவ்வளவு அழுத்தமாக, எத்தனை நேரம் வாசிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு ஏற்ப வேறொரு சத்தத்தை உருவாக்குகிறது. அந்தச் சத்தம் பெரும்பாலும் ரம்பப் பல் வடிவ அலையாகவோ சதுர அலையாகவோ இருக்கும். ரம்பப் பல் கூர்மையாகவும் அடர்த்தியாகவும் கேட்கும், சதுர அலை உள்ளே காலியான கூடு மாதிரிக் கேட்கும்.

அந்த அலை அப்புறம் ஃபில்டருக்குள் போகிறது. ஃபில்டர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரே சுருதியில் 'ஊ' என்று பிடித்து, மெதுவாக 'ஆ' என்று வாயைத் திறந்து பாருங்கள். சுருதி மாறவில்லை, நிறம் மட்டும் திறந்துகொண்டது இல்லையா? ஃபில்டர் செய்வதும் அதேதான். பழைய பாட்டுகளில் 'வ்வாவ்' என்று ஒரு சிந்த் பேஸ் வருமே, அது இந்த வாய் திறந்து மூடுவதுதான். பெடலில் வாயைத் திறப்பது உங்கள் விரல். பலமாக இழுத்தால் நிறையத் திறக்கும், மெல்லத் தொட்டால் பாதியில் நிற்கும். அதனால்தான் ஒரே பெடல் இரண்டு பேர் கையில் இரண்டு மாதிரிப் பேசுகிறது.

எல்லா சிந்த் பெடலும் ஒன்றுதானா?

இல்லை, வாங்குவதற்கு முன்னால் இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பழைய வழி அனலாக். உங்கள் சிக்னலையே நறுக்கிச் சதுரமாக்கி, அதன் அதிர்வெண்ணை இரண்டால் வகுத்து ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே கொண்டுபோய், ஃபில்டரில் விடுவார்கள். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பேஸ் மைக்ரோ சிந்தசைசர் இந்த வகை. பாஸின் ஓசி-2 ஆக்டேவ் பெடல் 1982-இல் வந்தது. அதில் ஃபில்டர் விளையாட்டு கிடையாது, ஆனாலும் அதைத் தனியாகப் போட்டாலே சிந்த் போலத்தான் கேட்கும், இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது வகையில், பெடல் உங்கள் சுருதியைக் கண்டுபிடித்து, தன்னுடைய சொந்த ஆசிலேட்டரை (அலையை உண்டாக்கும் பகுதியை) அந்தச் சுருதியில் ஓட்டும். ஒரு நேரத்தில் ஒரு நோட்டு மட்டும்தான். இரண்டு ஸ்ட்ரிங்கை ஒன்றாக அடித்தால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் திணறும்.

மூன்றாவதாக, ரோலண்டின் ஜிகே-3பி மாதிரி ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனித்தனியாகச் சிக்னல் எடுக்கும் பிக்கப்பை கிட்டாரிலேயே மாட்டி, 13 பின் வயர் வழியாகப் பெரிய யூனிட்டுக்குக் கொண்டுபோவது. சக்தி அதிகம், செலவும் அதிகம், மேடையில் அந்தத் தடி வயரை யாராவது மிதிப்பார்கள்.

கடைசி வகையில்தான் எஸ்ஒய்-1 வருகிறது. தனி பிக்கப் தேவையில்லை, சாதாரண வயரே போதும், கார்டு (பல நோட்டு ஒன்றாக) அடித்தாலும் தாங்குகிறது. 11 வகை, ஒவ்வொன்றிலும் 11 மாறுபாடு, ஆக 121 சத்தம். இதில் எனக்கு உதவுவது கைவிரலில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கடையில் காட்டிக் கவர்வதற்கு. கிட்டாரா பேஸா என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, முதலில் அதை பேஸ் பக்கம் தள்ளுங்கள். தள்ளாமலே "ட்ராக்கிங் (பெடல் நோட்டைப் பின்தொடர்வது) சரியில்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு.

சத்தம் கொஞ்சம் லேட்டாக வருகிறதே, பெடல் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, கணக்கு அப்படி. பேஸின் தடித்த இ ஸ்ட்ரிங் நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வு முடியவே 24 மில்லிசெகண்ட் ஆகும். சுருதியைக் கண்டுபிடித்து வேலை செய்யும் பெடலுக்கு, இது என்ன நோட்டு என்று சொல்ல குறைந்தது ஒரு முழு அதிர்வையாவது பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் இரண்டு. எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் காத்திருப்பு முழுதாகப் போகாது. ஜி ஸ்ட்ரிங் 98 ஹெர்ட்ஸ், அங்கே ஒரு அதிர்வுக்குப் பத்து மில்லிசெகண்ட்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே இருக்கும் கம்பி) அதுவும் பாதியாகிவிடும். கீழே மந்தம், மேலே சுறுசுறுப்பு, சுருதி தேடும் எல்லாப் பெடலிலும் இதுதான் நிலவரம்.

இதைச் சமாளிக்கிற வழி ஒன்று உண்டு. உங்கள் நேரடி பேஸ் சத்தத்தையும் கலந்து வையுங்கள். விரல் பட்ட அந்த 'டக்' உடனே கேட்டுவிடும், சிந்த் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும், காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். எஸ்ஒய்-1-இல் நேரடிச் சத்தத்துக்கும் சிந்த் சத்தத்துக்கும் தனித்தனி லெவல் இருப்பது இதற்காகவே என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆம்புக்கு மூன்றரை மீட்டர் தள்ளி நின்றாலே காற்றில் சத்தம் வந்து சேர பத்து மில்லிசெகண்ட் ஆகிவிடுகிறது. மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் ஆம்பை வைத்துவிட்டு இந்தப் பக்கம் நின்று பெடலைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

அனலாக் ஆக்டேவ், எஸ்ஒய்-1 வகை இரண்டிலும் இந்தத் தொல்லை குறைவு.

கடையில் சோதித்துப் பார்க்கும்போது என்ன வாசிக்க வேண்டும்?

முதல் விஷயம், உங்கள் கிட்டாரைக் கொண்டுபோங்கள். கடையில் இருக்கும் புது பேஸில், புது ஸ்ட்ரிங்கில் நன்றாகக் கேட்டது, உங்கள் வீட்டுப் பழைய பேஸில் அப்படியே கேட்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நம்ம பக்கத்திலிருந்து மவுண்ட் ரோடு கடைகளுக்குப் போக விம்கோ நகர் மெட்ரோ வந்தபிறகு சிரமமே இல்லை. கிட்டார் பையைத் தோளில் மாட்டி 2021-க்கு முன்னால் பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மியூசி மியூசிக்கல் 1842-இலிருந்து இருக்கிற கடை, அது மாதிரி நின்று நிதானமாக வாசிக்க விடும் இடமாகப் பார்த்துப் போங்கள். வெறும் ஜாக், வயர், அடாப்டர் என்றால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெரு.

போனதும் எல்லாரும் செய்வது, 121 சத்தத்தையும் வரிசையாகத் திருப்பி ஒவ்வொன்றிலும் தனக்குப் பிடித்த ரிஃப்பை அடிப்பது. அரைமணி நேரத்தில் காது செத்துவிடும், ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஒரே ஒரு சத்தத்தை எடுங்கள், எளிமையான ரம்பப் பல் அலை இருந்தால் நல்லது. திறந்த இ-யை அடித்து, அது தானாகச் சாகும்வரை தொடாமல் கேளுங்கள். நல்ல யூனிட்டில் சத்தம் மெல்லத் தேயும். மோசமானதில் கடைசியில் கொப்பளிக்கும், ஆக்டேவ் மேலும் கீழும் துள்ளும், திடீரென்று அறுந்துவிடும். அப்புறம் ஒரே நோட்டைப் பதினாறில் (ஒரு தாள அடிக்கு நாலு நோட்டாக) வேகமாக அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கிறதா, இல்லை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூழாகிறதா? இடது கையால் ஸ்ட்ரிங்கை மூடிக்கொண்டு வலது கையால் 'சக் சக்' என்று மட்டும் அடியுங்கள். சுருதியே இல்லாத அந்த அடிக்கு சில பெடல்கள் வாய்க்கு வந்த நோட்டைப் பாடும். உங்கள் ஸ்டைல் ஸ்லாப் (கட்டைவிரலால் தட்டி வாசிப்பது) என்றால் இந்த ஒரு சோதனையே முடிவு சொல்லிவிடும்.

கடைசியாக ஒன்றும் வாசிக்காதீர்கள். வால்யூமைத் திறந்து வைத்து சும்மா இருங்கள். இரைச்சல் எவ்வளவு என்று தெரியும். மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், அறிவிப்பாளர் பேசும்போது, ஊரே கேட்கப்போவது அதைத்தான்.

நோட்டு தப்பாகப் பேசுகிறது, சில நேரம் ஆக்டேவ் மாறிக் குதிக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் கைதான் காரணம், அடுத்து கிட்டார், கடைசியில்தான் பெடல். வாசிக்காத ஸ்ட்ரிங்குகள் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் காதுக்கு அது கேட்காது, பெடலுக்குக் கேட்கும். வலது கைக் கட்டைவிரலைக் கீழ் ஸ்ட்ரிங்கில் சாய்த்து, இடது கையின் மீதி விரல்களால் மற்றதை மூடிப் பழகுங்கள். நெக் பக்கத்து பிக்கப்பைத் திறந்து, டோன் நாபைக் குறைத்தால் அடிப்படைச் சுருதி தெளிவாகப் போகும், அதோடு கூடவே ஒலிக்கும் மேல் சுரங்கள் பெடலைக் குழப்பாது. புது ஸ்ட்ரிங் பளபளவென்று கேட்பது நமக்குச் சுகம், சுருதி கண்டுபிடிக்கும் பெடலுக்குத் தலைவலி. ஃப்ளாட்வவுண்ட் (வழவழப்பான சுற்றுள்ள) ஸ்ட்ரிங் போட்ட பேஸ் இந்த விஷயத்தில் ரொம்ப சாது.

திறந்த ஏ-க்குப் பதில் இ ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே ஏ-யை வாசித்துப் பாருங்கள். அழுத்திப் பிடித்த நோட்டை விரலைத் தூக்கினாலே நிறுத்திவிடலாம் என்பதால் நோட்டுக்கு நோட்டு இடைவெளி சுத்தமாக இருக்கும். சென்சிடிவிட்டி என்று ஒரு நாப் இருந்தால் உங்கள் சாதாரண அடிக்கு ஏற்ற மாதிரி வையுங்கள், கடையில் ஆவேசமாக அடித்த அடிக்கு இல்லை.

ஆக்டேவ் கீழே போட்டால் சத்தமே காணோம். ஏன்?

இ ஸ்ட்ரிங்கின் 41 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஆக்டேவ் கீழ் என்றால் சுமார் 20. மனிதக் காதின் கீழ் எல்லையே அங்கேதான் இருக்கிறது, உங்கள் பத்து இன்ச் ஸ்பீக்கர் அதற்கு ரொம்ப முன்னாலேயே கையை விரித்துவிடும். ஸ்பீக்கர் காகிதம் வெளியே உள்ளே ஆடுவது மட்டும் தெரியும், அத்தனை கரண்டும் வீண். ஆக்டேவ் கீழே போட வேண்டும் என்றால் டி, ஜி ஸ்ட்ரிங்குகளில், கழுத்தின் மேல்பாதியில் வாசியுங்கள். அங்கேதான் அது உண்மையான பேஸாக வந்து விழும்.

'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் எப்போதும் வருகிறது. பெடலை மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். இந்த இரைச்சல் வீட்டுக் கரண்டிலிருந்து வருவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது கிட்டாரில் ஏறும்போது 50, 100 இரண்டும் கேட்கும். இப்போது பாருங்கள், உங்கள் திறந்த ஜி ஸ்ட்ரிங் 98. அதாவது அந்த இரைச்சல் கிட்டத்தட்ட ஒரு ஜி நோட்டு. நீங்கள் சும்மா இருக்கும்போது பெடல் தானாக ஒரு ஜி பாடினால் பேய் பிடிக்கவில்லை, கரண்ட்டை அது இசை என்று நினைத்துவிட்டது. சிங்கிள் காயில் பிக்கப் இருந்தால் இது இன்னும் அதிகம். ட்யூப்லைட், டிம்மர், செல்போன் சார்ஜர் பக்கத்திலிருந்து கொஞ்சம் திரும்பி நின்றாலே குறையும்.

ஆனால் இதில் விளையாட்டுக்கு இடம் கொடுக்காத பகுதி ஒன்று இருக்கிறது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டைப் பழைய வீடுகளில் இரண்டு ஓட்டை சாக்கெட்தான் நிறைய, எர்த்தே இருக்காது. தெருவில் போடும் மேடைகளில் கேட்கவே வேண்டாம், எங்கிருந்தோ ஒரு வயரை இழுத்து முறுக்கி வைத்திருப்பார்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது சாதாரணம், ஷீல்டிங் போதவில்லை, அவ்வளவுதான். ஸ்ட்ரிங்கைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இழுத்தாலோ, கிட்டார் கையில் இருக்கும்போது மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தாலோ, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஆம்பும் மைக் செட்டும் வேறு வேறு சாக்கெட்டில், வேறு வேறு எர்த்தில், அல்லது எர்த்தே இல்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் சுமார் 230 வோல்ட் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் விசாரிக்க வேண்டும். ஆம்பின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யோசனை சொல்கிறவர் எத்தனை வருஷ சீனியராக இருந்தாலும் கேட்காதீர்கள். இரைச்சல் போகும், கூடவே உங்கள் உயிருக்கு இருந்த ஒரே காவலும் போகும்.

எந்த அடாப்டர் போடலாம்?

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி, நடுவில் நெகட்டிவ். சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடை அடாப்டர்களில் நடுவில் பாசிட்டிவ்தான் அதிகம், மாற்றிச் சொருகினால் பெடல் போய்விடும், படம் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த பெடல் என்றால் அடாப்டரின் முதுகில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அந்த ஊர் மின்சாரத்துக்கு மட்டும் செய்த அடாப்டரை நம் 230-இல் சொருகினால் ஒரு வாசனை வரும், அவ்வளவுதான் கதை.

பேட்டரியில் ஓட்டலாமா?

அவசரத்துக்கு ஓட்டலாம். டிஜிட்டல் பெடல் 9 வோல்ட் பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும். வாசிக்காதபோது இன்புட் வயரைப் பிடுங்கி வையுங்கள், அது சொருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எங்கள் குழுவில் கீபோர்டுகாரர் இடது கையில் பேஸ் வாசிக்கிறார். நான் சிந்த் போட்டால் ஒத்துவருமா?

இந்தக் கேள்விக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். நம் பக்கத்துக் குழுக்களில் பேஸ் கிட்டார் இல்லாத நாள்தான் அதிகம். கீபோர்டு அண்ணன் கீபோர்டை இரண்டாகப் பிரித்து, இடது கையில் பேஸ் பேட்ச் வைத்து வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பார். அந்தக் கை அவ்வளவு சுலபத்தில் நிற்காது, பழக்கம். இதில் நீங்களும் அதே உயரத்தில், அதே சிந்த் நிறத்தில் போய் உட்கார்ந்தால், இரண்டு பேர் வாசித்தும் ஒருத்தர் வாசிப்பதைவிடக் குறைவாகக் கேட்கும். ஒரே நோட்டை இரண்டு சிந்த் வாசிக்கும்போது அலைகள் சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். மிக்ஸரில் நிற்பவர் இரண்டையும் ஏற்றுவார், கடைசியில் பாடகர் குரல் மூழ்கும், பழி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒத்திகையில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். "அண்ணே, இந்தப் பாட்டில் கீழே நான் பார்த்துக்கிறேன், நீங்க இடது கையை ஒரு ஆக்டேவ் மேலே கார்டுக்கு எடுத்துக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். சில பாட்டில் நேர்மாறாக, அவர் கீழே இருக்கட்டும், நீங்கள் பெடலில் ஃபில்டரைத் திறந்து மேலே ஒரு பதில் வரி வாசியுங்கள். எங்கள் குழுவில் பாட்டு லிஸ்டிலேயே ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் 'கீழே யார்' என்று எழுதிவைக்கிறோம். பெடலில் எந்த நாப் எங்கே என்பதைவிட இந்த ஒரு காகிதத்தால் எங்கள் சத்தம் தேறியது.

அப்படியானால் நானும் கீபோர்டே வாசித்துவிடலாமே, பேஸ் கிட்டாரில் எதற்கு இந்தச் சுற்று?

வாசிக்கலாம். ஆனால் ஃப்ரெட்டில் நோட்டை இழுக்கும்போது வரும் அந்த அசைவு, அடிக்கு அடி மாறும் கனம், ஒரு நோட்டைப் பாதியில் விரலால் நெரித்து நிறுத்துவது, இதெல்லாம் கீபோர்டில் வேறு மாதிரிதான் வரும். ரோலண்ட் 1981-இல் டிபி-303 என்று ஒரு பெட்டியை, பேஸ் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக விட்டது. கிட்டார்காரன் வேலையைச் செய்யவேண்டிய அது கிட்டார் மாதிரி கேட்கவே இல்லை, 1984-இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அதே சத்தத்தை நடன இசைக்காரர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். இப்போது நாம் பேஸ் கிட்டாரை அந்தப் பெட்டி மாதிரி கேட்கவைக்கப் பெடல் வாங்குகிறோம்.

கானாவுக்கு இது செட் ஆகுமா?

ஆகும், அடக்கி வாசித்தால். கானாவில் பேஸ் கிட்டாரே புதுசு இல்லை, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறியபோது பறையும் டோலக்கும் எலக்ட்ரிக் கிட்டார்களோடு சேர்ந்தே கேட்டன. பிரச்சினை எங்கே என்றால், டோலக்கின் கனமான பக்கம் ஏற்கெனவே கீழ் சத்தத்தில் உருண்டுகொண்டிருக்கிறது, எலக்ட்ரானிக் பேடு வாசிக்கிறவரின் கிக் டிரம் வேறு. இதற்கு நடுவில் நீங்கள் நீளமான சிந்த் நோட்டை இழுத்துப் பிடித்தால் தாளம் சகதியாகிவிடும். டீகேயை (நோட்டு தேயும் நேரத்தை) சுருக்குங்கள், நோட்டு டோலக் அடிக்குள் பிறந்து அதற்குள்ளேயே முடியட்டும். ஃபில்டரின் கூச்சலை ஏற்றும் ரெசொனன்ஸைக் குறையுங்கள். பாடகர் வரியை இழுத்து நிறுத்தி ஒரு பேச்சு விடும் இடம் இருக்குமே, அங்கே மட்டும் ஒரு நீள நோட்டை ஃபில்டர் திறந்து விடுங்கள், கூட்டம் விசில் அடிக்கும். பாட்டு முழுக்க அதையே செய்தால் அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் மேடைகளில் கூம்பு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் சிந்தை மறந்துவிடுங்கள். கூம்பு, கீழ் சத்தத்தை எடுக்கவே எடுக்காது. சதுர அலை மட்டும் மேல் சுரங்களின் பலத்தில் கொஞ்சம் தெரியும்.

தேவாலயத்தில்?

உயரமான கூரை உள்ள பழைய கட்டடங்களில் கீழ் சத்தம் போனால் திரும்பி வந்துகொண்டே இருக்கும். மெதுவாக எழுந்து நீளமாக நிற்கும் 'பேட்' வகை சிந்த் சத்தம் அங்கே ரொம்ப அழகு, தியானப் பாடல்களுக்கு ஆர்கன் வகையும் நன்றாக இருக்கும். 'வ்வாவ்' என்று கத்தும் ஃபில்டர் குவாக் வேண்டாம், பாதர் திரும்பிப் பார்ப்பார்.

பெடல்களை எந்த வரிசையில் மாட்டுவது?

ட்யூனர், அடுத்து சிந்த், அப்புறம் ஓவர்டிரைவ், கோரஸ், டிலே எல்லாம். சிந்த் முடிந்தவரை கிட்டாருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், கலப்படமில்லாத சிக்னல்தான் அதற்குச் சாப்பாடு. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் கம்ப்ரெஸர்தான் வாக்குவாதத்துக்கு உரிய ஆள். சிந்துக்கு முன்னால் வைத்தால் நோட்டு நீளமாக நிற்கும், ட்ராக்கிங் நிதானமாகும், ஆனால் விரல் கனத்துக்கு ஃபில்டர் பதில் சொல்வது போய்விடும். எனக்கு அந்தப் பதில்தான் முக்கியம் என்பதால் பின்னால் வைத்திருக்கிறேன், திடீரென்று துள்ளும் சத்தத்தை அங்கே பிடித்துக்கொள்ளலாம். ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரி உள்ளது) என்றால் அவுட்புட் அதிகம், கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

ஸ்பீக்கர் கிழிந்துவிடுமா?

கிழியலாம். ஒரே உச்ச அளவில் சைன் அலையைவிட (மென்மையான வளைவு அலை)ச் சதுர அலை இரண்டு மடங்கு சக்தியை ஸ்பீக்கருக்குள் தள்ளும். காதுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது, காயிலுக்குத் தெரியும். ரெசொனன்ஸை ஏற்றிவைத்து ஃபில்டரை ஓட்டினால் ஒரு குறிப்பிட்ட நோட்டில் மட்டும் சத்தம் எகிறும். புதுச் சத்தத்தைத் தேடும்போது ஆம்பை இறக்கிவைத்துத் தேடுங்கள், கிடைத்தபிறகு ஏற்றலாம். வாடகை மைக் செட்டில் இன்னும் கவனம் தேவை, ஸ்பீக்கர் போனால் கூலியில் பிடித்துவிடுவார்கள்.

ராத்திரி வீட்டில் எப்படிப் பழகுவது?

ஹெட்ஃபோன்தான். ஒட்டிக்கட்டிய வீடுகளில் பேஸ் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை ஆட்டும். சட்டப்படியும் ராத்திரி 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான். பெடல் அவுட்புட்டில் நேராக ஹெட்ஃபோனைச் சொருகினால் சரியாகக் கேட்காது, நடுவில் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் வேண்டும்.

காசு இல்லை. பெடல் வாங்காமல் முயற்சி செய்ய வழி உண்டா?

லேப்டாப்பும் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் உண்டு. சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்த் சாஃப்ட்வேர் இலவசம், பெரிய பெட்டிகளில் இருப்பதைவிட அதிகமாகவே அதில் இருக்கிறது. பேஸ் சுருதியை மிடியாக (கம்ப்யூட்டருக்குப் புரியும் நோட்டுக் குறிப்பாக) மாற்ற ஜாம் ஆரிஜின் என்கிறவர்களின் மிடி பேஸ் இருக்கிறது. பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் சத்தத் துண்டை) 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட்தான் தாமதம். அதற்கு மேல் மேலே சொன்ன 24 மில்லிசெகண்ட் கணக்கு அப்படியே இருக்கும். மேடைக்கு இதை எடுத்துப்போக மாட்டேன், தூசியிலும் கரண்ட் போய் வருவதிலும் லேப்டாப்பை நம்ப முடியாது. வீட்டில் ஃபில்டர், என்வலப் (சத்தம் எழுந்து தேயும் வடிவம்) எல்லாம் என்ன என்று கற்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஸ்லைடு போட்டால் வழுக்காமல் படிப்படியாக ஏறுகிறதே?

மிடியாக மாற்றும் எதிலும் இது வரும். பிட்ச் பெண்ட் எல்லை, அதாவது சுருதியை எவ்வளவு வளைக்கலாம் என்பது, வழக்கமாக மேலே கீழே இரண்டு செமிடோன்தான் இருக்கும், அனுப்பும் பக்கத்திலும் வாங்கும் பக்கத்திலும் 12 அல்லது 24 என்று ஒரே எண்ணாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சுருதி கன்னாபின்னாவென்று போகும். எஸ்ஒய்-1 மாதிரிப் பெடல்களில் குழைவு அப்படியே வருகிறது, நம் பாட்டுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வகையைத்தான் சொல்வேன்.

ஐந்து ஸ்ட்ரிங் பேஸில்?

வேலை செய்யும். கீழ் பி 31 ஹெர்ட்ஸ், ஒரு அதிர்வுக்கு 32 மில்லிசெகண்ட். அந்த ஸ்ட்ரிங்கில் சிந்தை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடு. பெடல் தாங்குமா?

பெடலின் உலோகப் பெட்டி தாங்கும், ஜாக் தாங்காது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று சாக்கெட்டுகளில் பச்சை பூக்கவைத்துவிடும். முதலில் கரகரவென்று கேட்கும், அப்புறம் மேடையில் சரியாக உங்கள் பகுதி வரும்போது அறுந்துவிடும். கான்டாக்ட் கிளீனர் ஒரு டின் வாங்கி, ஜாக்கில் கொஞ்சம் அடித்து, வயரைப் பத்துப் பதினைந்து முறை சொருகிப் பிடுங்குங்கள். நாப் கரகரத்தாலும் அதே வைத்தியம். தேங்காயெண்ணெய் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம், தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். பெடலை மூடிய டப்பாவில், புது ஷூ பெட்டியில் வருமே அந்த சிலிக்கா பொட்டலம் நாலைந்தைப் போட்டு வையுங்கள். பொட்டலத்தையும் அவ்வப்போது மாற்ற வேண்டும், ஒருமுறை ஈரம் குடித்து நிறைந்துவிட்டால் அப்புறம் அது சும்மா கிடக்கிற காகிதம்தான்.